பின் வாங்கு

எங்கள் சபை கூடும் மண்டபம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. முன்னால் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் துணியால் மூடிய அப்பமும் பாத்திரங்களும். மேசையைப் பார்த்தபடி பிளாஸ்டிக் கதிரைகள். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் முக்காடிட்ட பெண்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், மாடிப்படி வந்து முடிகிற இடத்தில், சுவரோடு ஒட்டினாற்போல், நாலைந்து பேர் சேர்ந்து இருக்கக்கூடிய ஒரு நீண்ட மர வாங்கு.

ஐக்கியத்தில் இல்லாதவர்கள் அந்த வாங்கில் இருப்பார்கள். ஐக்கியம் என்றால் எங்களிடையே நட்பு மட்டுமல்ல. ஞாயிறு காலை அந்த மேசையிலிருந்து அப்பம் எடுக்கிற உரிமை. ஞானஸ்நானம் பெறாதவர்கள், வேறு சபையிலிருந்து வந்து பார்த்துப் போகிறவர்கள், ஏதோ ஒரு காரணத்தால் மூப்பர்கள் நிறுத்தி வைத்தவர்கள் எல்லோருக்கும் இடம் பின்னால்தான். அப்பத்தட்டு கடைசிக் கதிரை வரிசையோடு திரும்பிவிடும். விசுவாசத்தில் தளர்ந்தவரைப் பின்வாங்கினவர் என்று சொல்வது எங்கள் வழக்கம். ஆகவே பின்வாங்கினவனுக்குப் பின் வாங்கு என்று சபையில் ஒரு பகிடி நெடுங்காலமாக உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சில மாதங்களாக அந்த வாங்கில் இருந்து பார்க்கிறேன். அது அவ்வளவு நல்ல பகிடி இல்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் தங்கை கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். துறைமுகத்தில் வேலை செய்த கத்தோலிக்கர் ஒருவரை மணந்து அவளும் கத்தோலிக்கத்துக்குப் போனாள். அவளுடைய கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் எவரும் போகவில்லை. பிறகு காலம் எல்லோரையும் கொஞ்சம் இளக்கியது. மச்சான் நல்ல மனிதர். இருதய நோயில் திடீரென்று போய்விட்டார். அவர்களுக்கு ஒரே மகள். இந்த வருடத் தொடக்கத்தில் அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, இவளைக் கோயிலில பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போறதுக்கு அப்பா இல்லை. நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேணும்."

பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓம் என்று சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்த சரியான பதில் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. வடக்கே யாருடைய மதில், கிழக்கே எந்த ஒழுங்கை என்று எல்லைகளைப் பழைய உறுதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஓர் எல்லை எழுத்தில் தெளிவாக இல்லாவிட்டால் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம்தான் என்னை மூப்பரிடம் கொண்டுபோனது.

"ஏன் போய்க் கேக்கிறியள்?" என்று மனைவி சொன்னாள். "கேட்டால்தானே இல்லை எண்டு சொல்லுவினம். கலியாணத்துக்குப் போட்டு வந்து பேசாமல் இருங்கோ."

"ஒளிச்சுச் செய்யிற வேலையோ இது?"

"ஒளிக்கச் சொல்லேல்லை. மணி அடிச்சுச் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லுறன்."

மூப்பர் ஹெவ்லொக் டவுனில் இருக்கிறார், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். என் மனைவி சத்திரசிகிச்சைக்காக ஆசுபத்திரியில் கிடந்தபோது ஒவ்வொரு நாளும் சூப் கொண்டுவந்தவர் அவர். அவரைக் கெட்டவராக எழுத என்னால் முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் வேலை சுலபம்.

"தோத்திரம் பிரதர், வாங்கோ," என்று கதவைத் திறந்தார். விசயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கலியாணத்துக்குப் போறது ஒண்டு. பின்னால இருந்து பாத்துப்போட்டு வரலாம். நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். ஆனால் நீங்கள் சொல்லுறது அதில்லை. பீடம் வரைக்கும் நடந்து போறியள். அங்க நடக்கிற பூசையில உங்களுக்கு ஒரு பங்கு வருகுது."

"நான் ஒண்டும் சாப்பிடப் போறதில்லையே."

"சாப்பிடாட்டிலும் பங்குதான். பீடத்தோட ஐக்கியம் எண்டு பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை மறந்திட்டியளோ? அதோட அந்நிய நுகத்தில பிணைபடக்கூடாது எண்டும் எழுதினார்."

"அது அவிசுவாசிகளைப் பற்றி எழுதினது. என்ர தங்கச்சி அவிசுவாசியோ?"

இந்த இடத்தில் அவர் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தார் என்பதை நேர்மையாக எழுத வேண்டும். பிறகு, "அதை ஆண்டவர் அறிவார்," என்றார்.

நான் வேறு பக்கத்தால் போனேன். அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதிச் சபை எதிலே நிலைத்திருந்தது என்று சொல்கிற வசனம் எங்கள் மண்டபச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஐக்கியத்துக்கு அங்கே எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிற சொல் அந்நியோந்நியம். அந்தச் சொல்லுக்குள் அந்நியன் என்ற சொல் ஒருமுறையல்ல, இருமுறை இருக்கிறது என்றேன். ஓர் அந்நியனும் இன்னோர் அந்நியனும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லே உண்டாகும். நுகத்திலும் அந்நியம், ஐக்கியத்திலும் அந்நியம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது?

"பிரதர்," என்று அவர் சிரித்தார். "சொல்லை உடைச்சுப் பாக்கிறது வியாக்கியானம் இல்லை. நீங்கள் உறுதி வாசிக்கிற மாதிரி வேதத்தை வாசிக்கிறியள்."

"எல்லையை நீங்கள்தானே கீறுறியள். எந்த இடத்தில எண்டு காட்டுங்கோ. கோயில் வாசலோ? நடுப்பாதையோ? முதல் வாங்கோ?"

"உங்கட மனச்சாட்சிக்குத் தெரியும்."

தெரிந்திருந்தால் நான் ஏன் பஸ் ஏறி அவரிடம் போகிறேன்? எல்லை வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். யார் வந்து எதைப் போதித்தாலும் தலையாட்டுகிற சபைகளை எனக்குப் பிடிக்காது. வேறு உபதேசத்தோடு வருகிறவனை வீட்டில் ஏற்க வேண்டாம் என்று யோவான் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அதே வேதப்புத்தகத்தில்தான் கிறிஸ்து உங்களை ஏற்றுக்கொண்டதுபோல நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் பவுல் ரோமருக்கு எழுதியதும் இருக்கிறது. இரண்டு வசனங்களுக்கும் நடுவில் இருக்கிற நிலத்தை யாரும் அளந்து தருவதில்லை. என் தங்கையின் வீடு அந்த நிலத்தில்தான் இருக்கிறது.

அன்று தொடங்கி வேதத்தைத் தேடினேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதியை விரித்து வைத்துக்கொண்டு தேடினேன். ஒரு மாலை கிடைத்தது. சீரியாவின் படைத்தலைவன் நாகமான். குஷ்டரோகம் நீங்கிய பிறகு அவன் எலிசா தீர்க்கதரிசியிடம் ஒரு சலுகை கேட்கிறான்: என் ராஜா எங்கள் நாட்டுத் தெய்வமான ரிம்மோனுடைய கோயிலுக்குப் போகும்போது என் கையின்மேல் சாய்ந்துகொள்வான், அப்போது நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும். தீர்க்கதரிசி பிரசங்கம் செய்யவில்லை. சமாதானத்தோடு போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கையின்மேல் சாய்ந்து! எனக்கு வேண்டியது இதுதானே. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நடக்கப் போகிறாள், நான் துணைக்கு நடக்கிறேன், கும்பிடுவது நானில்லை. முன்மாதிரி இருக்கிறது, அதுவும் தீர்க்கதரிசியின் வாயாலேயே. அவ்வளவு சந்தோசம் எனக்கு. அடுத்த நாள் அலுவலகம் முடிந்ததும் புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து கொட்டாஞ்சேனை பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

தங்கை அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். மகள் தரையில் இருந்து உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் வேதத்தைத் திறந்து அந்தப் பகுதியை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

தங்கை பேனையை மூடினாள்.

"எங்கட பைபிளில அவருக்கு நாமான் எண்டு பேர்."

"பேர் எப்பிடி இருந்தாலும் விசயம் ஒண்டுதானே."

"ஓம், ஒண்டுதான். அப்ப எங்கட கோயில் ரிம்மோன்ர கோயிலோ, அண்ணா?"

பஸ்ஸில் வந்த அவ்வளவு நேரமும் எனக்கு அது தோன்றவில்லை. ஒரு வரி பிழைக்காமல் வாசிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். கதையில் என்னையும் பெண்ணையும் மட்டும் பார்த்திருக்கிறேன், கோயிலைப் பார்க்கவில்லை.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை, வாசிச்சனீங்கள்." அவள் குரல் உயரவில்லை. "என்ர பிள்ளை கும்பிடுற இடத்துக்கு வாறதுக்கு உங்களுக்கு மன்னிப்பு வேணும். விக்கிரகக் கோயிலுக்குள்ள போறவனுக்குக் குடுத்த மன்னிப்பு. அப்பிடி வாறதெண்டால் வர வேண்டாம் அண்ணா. அவரின்ர தம்பி இருக்கிறார், அவர் கூட்டிக்கொண்டு போவார்."

"நீ என்னை விளங்கிக்கொள்ளுறாய் இல்லை."

"நான் விளங்கிக்கொண்டுதான் இருக்கிறன். என்ர கலியாணத்துக்கும் இப்பிடித்தான் எல்லாருக்கும் ஒவ்வொரு வசனம் இருந்தது."

வேதத்தை மூடினேன். மகள் எழுந்து வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவள் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள்; பேச்சு தாயின் பேச்சுப் போல இருக்காது.

"மாமா, எனக்கு ஒரு டவுட்."

"என்ன?"

"அந்த ராஜா சாஞ்சாரே, அவரு வெயிட்டா இருப்பாரு. நான் ஐம்பது கிலோதான். நீங்க குனிய வேண்டியே வராது."

தங்கை சிரிக்கக்கூடாது என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

"அம்மா சொல்றத விடுங்க. சித்தப்பா வந்தா வாசல்ல இருந்தே போன் கதைப்பாரு. நீங்க வசனமெல்லாம் வீட்டுல வச்சிட்டு வாங்க. கைய மட்டும் கொண்டு வாங்க."

நான் வருகிறேன் என்று சொன்னேன். இம்முறை தங்கையைப் பார்த்துச் சொன்னேன். அவள் அடுத்த உறையை எடுத்து முகவரி எழுதத் தொடங்கினாள். "நேரத்துக்கு வாங்கோ," என்றாள். அவள் தந்த மன்னிப்பு அவ்வளவுதான். அதில் ரிம்மோன் இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் கோயிலில் ஒத்திகை நடந்தது. பங்குத்தந்தை இளம் வயதுக்காரர், மிகவும் மரியாதையானவர். எங்கே நிற்பது, எப்போது பெண்ணின் கையை மாப்பிள்ளையிடம் கொடுப்பது என்று காட்டினார். முடிவில் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. நற்கருணை அப்பம் குடுக்கிற நேரம் நீங்க வரிசையில வர முடியாது. கைய நெஞ்சில குறுக்கா வச்சிட்டு வந்தீங்கன்னா ஆசீர்வாதம் தரலாம்."

"நான் வரமாட்டேன் ஃபாதர். எங்கள் சபையும் அனுமதிக்காது."

"அப்படியா," என்றார், மனம் ஆறுதலானதுபோல. "பவுல் கொரிந்தியருக்கு எழுதினதுதானே. ஆண்டவரோட உடல்னு உணராம அதை உண்ணக் கூடாது."

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது. அதே நிருபம். மூப்பர் எடுத்த அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரம். ஹெவ்லொக் டவுனில் ஒருவரும் கொட்டாஞ்சேனையில் ஒருவரும், வாழ்நாளில் ஒருவரையொருவர் கண்டிராதவர்கள், ஒரே மனிதன் எழுதிய ஒரே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை இரண்டு பக்கமும் தடுத்து நிறுத்தினார்கள். இவ்வளவு ஒற்றுமை இருக்கிறவர்கள் ஏன் பிரிந்திருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்த இளைஞன் என்ன செய்வான், பாவம்.

கல்யாணத்தன்று நடுப்பாதையால் நடந்தோம். அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. வழியில் ஒருமுறை, "மாமா, மெதுவா, சாரி தடுக்குது," என்றாள். பீடப்படிக்கு முன்னால் அவள் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டு முதல் வாங்கில் தங்கைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எல்லோரும் முழங்காலில் நின்றபோது நான் மட்டும் வாங்கில் இருந்தேன். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து போனபோது அந்த வாங்கில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். தங்கை திரும்பி வந்து முழங்காலிட்டாள். செபித்து முடித்ததும் என் பக்கம் பார்க்காமலே கைக்குட்டையை நீட்டினாள். நான் அழுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மண்டபத்துப் படியேறினேன். வாசலில் மூப்பர் வழக்கம்போல எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்றார். எனக்கு முன்னால் போனவருக்குத் தோத்திரம் பிரதர். எனக்குப் பின்னால் வந்த மனைவிக்குத் தோத்திரம் சிஸ்டர். நடுவில் எனக்கு, "குட் மோர்னிங் பிரதர்."

கை கொடுத்தார், புன்னகையும் செய்தார். வெளியாள் ஒருவர் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு சொல் போதும். ஐக்கியத்தில் இருப்பவருக்குத்தான் தோத்திரம். மற்றவர்களுக்குக் குட் மோர்னிங். நான் நேரே போய்ப் பின் வாங்கில் இருந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய பிடரியும் தெரிகிறது. அப்பத்தட்டு வரிசை வரிசையாக வந்து, எனக்கு முன்னால் இருந்தவரிடம் முடிந்து திரும்பிப் போயிற்று. வலப்பக்கத்தில் மனைவி எடுத்து வாயில் வைத்ததைப் பார்த்தேன். கல்யாணமான நாள் தொடங்கி ஒரே தட்டிலிருந்து எடுத்தவர்கள் நாங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள்:

"எனக்கு அது தொண்டைக்குள்ளால போகேல்லை. வேற சபைக்குப் போவமே? வெள்ளவத்தையில சபைக்குக் குறைவோ?"

குறைவில்லை. அதுவும் ஓர் எரிச்சல். எங்கள் சபையே தெகிவளைச் சபையிலிருந்து பிரிந்து வந்ததுதான். அப்பம் பிட்கும்போது திராட்சரசத்தை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னப் பாத்திரமா என்பது சண்டை. ஒரே பாத்திரம்தான் வேதப்படி சரி என்று சொன்னவர்கள் நாங்கள், பிரிந்து வந்தோம். பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதாரத்துக்காக நாங்களும் சின்னப் பாத்திரத்துக்கு மாறினோம். இப்போது இரண்டு சபையிலும் ஒரே மாதிரிச் சின்னப் பாத்திரங்கள். புறக்கோட்டையில் ஒரே கடையில் வாங்கியவை என்றுகூட நினைக்கிறேன். திரும்பச் சேர்வதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. பிரிவதற்கு வசனம் தேடியவர்கள் சேர்வதற்குத் தேடுவதில்லை. நானும் எழுந்து போனால் இன்னொரு மேல்மாடி, இன்னொரு மேசை, இன்னொரு பின் வாங்கு. நான் போகமாட்டேன் என்றேன்.

மூப்பர் என்னைக் கைவிடவில்லை. கூட்டம் முடிந்ததும் வாங்கில் வந்து பக்கத்தில் இருப்பார்.

"ஒரு வசனம் போதும் பிரதர். சபைக்கு முன்னால எழும்பி, பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. அடுத்த கிழமையே மேசைக்கு வரலாம்."

"என்ன பிழை எண்டு சொல்ல வேணும்?"

"பொதுவாச் சொன்னால் காணும்."

"பொதுவா எண்டால் என்ன? கோயிலுக்குப் போனதோ? நடந்ததோ? அவள் கையைப் பிடிச்சதோ?"

"நீங்கள் இப்பிடித் துருவித் துருவிக் கேட்டால் நான் என்ன செய்யிறது?"

அவருக்கும் அலுத்துவிட்டது. எனக்கும்தான். எதற்கென்று எழுதாத பத்திரத்தில் நான் ஒருவரையும் கையொப்பமிட விடுவதில்லை. பொய்யாக ஒரு வருத்தத்தைச் சொல்லி அப்பத்தை எடுப்பது, எடுக்காமல் இருப்பதைவிட நல்லது என்று பவுல் எங்கும் எழுதவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் புதுத் தம்பதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். அவர்கள் கொட்டாஞ்சேனையில் காலைப் பூசை முடித்துவிட்டு நேரே மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள். நான் வாங்கில் இருந்தேன். பெண் என் ஒரு பக்கமும் மாப்பிள்ளை மறுபக்கமும் வந்து இருந்தார்கள். அவள் காதுக்குள் கேட்டாள்:

"இதுதான் அந்த வாங்கா?"

"ஓம்."

"நல்ல அகலம். அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

தட்டு வந்தது, திரும்பிப் போயிற்று. அவள் கண்ணால் அதைப் பின்தொடர்ந்துவிட்டு என் கையின்மேல் கையை வைத்தாள்.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும் நேரம் மூப்பர் விரைந்து வந்தார். "வாங்கோ, வாங்கோ மகள். கலியாணத்துக்கு வர முடியேல்லை, குறை நினைக்கக்கூடாது," என்று உண்மையான சந்தோசத்தோடு சொன்னார். அவள் கைப்பையிலிருந்து, பொன்நிறத் தாளில் சுற்றிய கல்யாணக் கேக் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அங்கேயே பிரித்துக் கடித்தார். நல்ல கேக் என்றார். அவள் அவருடைய மனைவியோடு கதைக்க அப்பால் போனாள்.

அவர் என்னிடம் திரும்பினார். "பாருங்கோ, எவ்வளவு நல்ல பிள்ளை. நீங்களும் அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் எல்லாம் சரி. ஏன் இழுக்கிறியள்?"

"இப்பவே சொல்லுறன்," என்றேன். "ஆனால் அவளைக் கூப்பிட்டு வைச்சுத்தான் சொல்லுவன். அவளின்ர கையைப் பிடிச்சு நடந்தது பிழையெண்டால், அந்தப் பிழை அவளுக்கும் தெரிய வேணுமே. கூப்பிடட்டோ?"

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பெண் ஏதோ சொல்ல அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மூப்பருடைய கையில் மிச்சக் கேக் இருந்தது. அதைத் தாளில் திரும்பச் சுற்றினார். மூலைகளைச் சரியாக மடித்தார்.

"இப்ப வேண்டாம்," என்றார்.

"அப்ப எப்ப?"

"பாப்பம் பிரதர்."

அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறு நான் படியேறி வந்தபோது எனக்காகக் கொஞ்சம் கூடுதலான நேரம் கையைப் பிடித்தபடி நின்றார். வாயைத் திறந்தார். எனக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"குட் மோர்னிங் பிரதர்," என்றார்.